‘இன்னொரு தடவை, தாத்தா!’

மாலை விளக்கேற்றியாயிற்று. கூடமெங்கும் ஊதுவத்தியின் மணம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு, படங்கள் நிறைந்த இராமாயணப் புத்தகம் ஒன்றுடன் தாத்தா அமர்கிறார். இரண்டரை வயதுப் பேரனை அழைத்து அருகில் இருத்திக்கொள்கிறார். “அயோத்தி என்று ஒரு நகரம். அதைத் தசரதர் என்ற மகாராஜா ஆண்டு வந்தார்” என்று தொடங்குகிறார்.

பேரனின் கை நீள்கிறது. ஏழெட்டுப் பக்கங்கள் ஒன்றாகப் புரள்கின்றன. “குரங்கு!” என்கிறான். “குரங்கு அப்புறம் வரும் கண்ணா. முதலில் இதைக் கேள்” என்று பழைய பக்கத்துக்கே திரும்புகிறார் தாத்தா. மறுபடியும் பக்கங்கள் புரள்கின்றன. மறுபடியும் “குரங்கு!” மூன்றாம் முறை தடுக்கப்பட்டதும் பிள்ளை புத்தகத்தைத் தள்ளிவிட்டு ஓடிவிடுகிறான். சற்று நேரத்தில் உள்ளறையிலிருந்து கைபேசியில் ஓடும் கார்ட்டூனின் இரைச்சல் கேட்கிறது. “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கேட்கும் பொறுமை ஏது!” என்று பெருமூச்சுடன் தாத்தா புத்தகத்தை அலமாரியில் வைக்கிறார்.

இது பல இல்லங்களில் நடைபெறும் காட்சிதான். ஆனால், அந்தப் பிள்ளைக்குக் கேட்கும் விருப்பம் இல்லையா? ‘குரங்கு’ என்று மூன்று முறை கேட்டானே! அவனுடைய இராமாயணம் எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது என்பதை அவன் தெளிவாகவே சொன்னான். தாத்தா பாராயணத்துக்கு அமர்ந்தார். பேரன் விளையாட வந்தான். இருவருக்கும் புத்தகம் ஒன்றே, முறைதான் வேறு.

பாராயணத்துக்கு நியமம் உண்டு. வரிசை தவறக் கூடாது. இடையே பேசக் கூடாது. தொடங்கியதை முடிக்க வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் புத்தகம் வாசிக்கும்போது இந்த நியமங்களில் ஒன்றும் செல்லாது. வரிசை மாறலாம், இடையே பேசத்தான் வேண்டும், பாதியில் நிறுத்தலாம். இந்த ஒன்றை மனத்தில் கொண்டுவிட்டால், தாத்தா பாட்டியரின் மடியைவிடச் சிறந்த பள்ளி குழந்தைக்கு வேறில்லை.

செவியில் தொடங்கும் கல்வி

பிரகலாதனின் கதையை அறியாதார் இலர். அவன் தாய் கயாதுவை இந்திரனிடமிருந்து மீட்டுத் தம் ஆசிரமத்தில் வைத்துக் காத்தார் நாரதர். அவளுக்கு அவர் உபதேசித்தவற்றைக் கருவிலிருந்த பிரகலாதன் கேட்டு நெஞ்சில் நிறுத்திக்கொண்டான் என்கிறது ஸ்ரீமத் பாகவதம். அபிமன்யு கருவிலேயே சக்கர வியூகத்துள் நுழையும் வகையைக் கேட்டறிந்தான் என்பதும் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருவதே.

கருவிலுள்ள குழந்தை எதைக் கேட்கிறது என்பதை அமெரிக்க உளவியலாளர்களான டிகாஸ்பர், ஸ்பென்ஸ் ஆகிய இருவர் ஆராய்ந்து 1986-இல் வெளியிட்டனர். கருவுற்ற தாய்மார்கள் கடைசி ஆறு வாரங்களில் ஒரு சிறுவர் கதைப் பகுதியை நாள்தோறும் உரக்க வாசித்து வந்தனர். குழந்தைகள் பிறந்த சில நாட்களில், அந்தக் கதையையும் முன்பு கேளாத வேறொரு கதையையும் அவர்கள் கேட்கும்படி செய்தனர் ஆய்வாளர்கள். ரப்பர்க் காம்பைச் சப்பும் தாளத்தைப் பொறுத்து எந்தக் கதை ஒலிக்கும் என்பது அமையுமாறு கருவி பொருத்தப்பட்டிருந்தது. பச்சிளம் குழந்தைகள் சப்பும் தாளத்தை மாற்றிக்கொண்டு, கருவில் பழகிய கதையையே நாடின.

இதைக் கொண்டு புராணத்தை ஆய்வுக்கூடம் மெய்ப்பித்துவிட்டது என்று கூறினால் அது மிகையாகும். பிறந்த குழந்தைக்குக் கதையின் பொருள் தெரியாது. ஓசையின் ஏற்ற இறக்கமும் தாளமும் மட்டுமே அதற்குத் தெரியும். எனினும், ‘இதற்கு என்ன புரியும்?’ என்று எண்ணி வாசிப்பைத் தள்ளிப்போடுவது தவறு என்பது இதனால் விளங்கும். பிறந்த நாள் முதலே குழந்தைக்கு உரக்க வாசியுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2014-இல் பெற்றோர்க்குப் பரிந்துரைத்தது. பொருள் பின்னால் வரும். குரல் முன்னால் செல்ல வேண்டும்.

பெரியாழ்வார் காட்டிய வழி

குழந்தைக்கு எந்தப் பருவத்தில் எவ்வாறு சொல்ல வேண்டும் என்பதற்கு நம்மிடம் ஒரு பெரிய முன்மாதிரி உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்து வடபத்ரசாயிக்கு மாலை தொடுத்துச் சாத்திய பெரியாழ்வார், தம்மை யசோதையாகவே பாவித்துக் கண்ணனைப் பாடினார். தாலாட்டு, அம்புலியை அழைத்தல், செங்கீரை, சப்பாணி, தளர்நடை, அச்சோ, புறம்புல்கல், அப்பூச்சி காட்டுதல், குழல்வாரக் காக்கையை அழைத்தல் என்று அவருடைய பாசுரங்கள் குழந்தையோடு கூடவே வளர்கின்றன. பின்னாளில் தோன்றிய பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகைக்கு அவருடைய பாசுரங்களே வித்து என்பர் அறிஞர்.

இவற்றுள் குழந்தை சும்மா உட்கார்ந்து கேட்கும் பருவம் எத்தனை? தாலாட்டு ஒன்றுதான். செங்கீரையில் குழந்தை கைகளை ஊன்றித் தலையை நிமிர்த்தி அசைந்தாடுகிறது. சப்பாணியில் கை கொட்டுகிறது. அச்சோவில் ஓடி வந்து தழுவுகிறது. புறம்புல்கலில் முதுகுப் பக்கமாக வந்து கட்டிக்கொள்கிறது. தலை வாரும்போது அடம் பிடிக்கும் பிள்ளையின் கவனத்தைத் திருப்பக் காக்கையைக் கூப்பிடுகிறாள் தாய். குழந்தையை அமர்த்தி வைத்துப் பாடவில்லை ஆழ்வார். அது செய்வதையே பாட்டாக்கினார். ஓடும் பிள்ளையைப் பிடித்து வைக்காமல், அந்த ஓட்டத்தையே கதைக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்பதே இதில் நாம் பெறும் பாடம்.

கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வரும் பேரனைப் பார்த்து, “அதோ, முருகன் மயில் மேல் ஏறி உலகத்தைச் சுற்றக் கிளம்பிவிட்டான்! பிள்ளையார் என்ன செய்தார் தெரியுமா?” என்று சொல்லிப் பாருங்கள். அவன் ஓடியே கேட்பான். ஒரு சுற்று முடிந்ததும் தாத்தாவையும் பாட்டியையும் சுற்றி வருவான். புத்தகத்தில் அந்தப் பக்கத்தை அப்போது காட்டினால் போதும்.

பருவத்துக்கு ஏற்ற வாசிப்பு

ஒரு வயது வரை குழந்தைக்குப் புத்தகம் என்பது கையால் தட்டவும் வாயால் சுவைக்கவும் உரிய பொருள். அதைத் தடுக்க வேண்டியதில்லை. கெட்டி அட்டையாலோ துணியாலோ ஆன புத்தகத்தைக் கையில் கொடுத்துவிடலாம். பக்கத்துக்கு ஒரு படம் போதும்: பசு, விளக்கு, மணி, மாம்பழம். படத்தின் மேல் விரல் வைத்துப் பெயரைச் சொல்லி, பசுவைப் போல ஓர் ஒலி எழுப்பினால் அன்றைய வாசிப்பு நிறைந்தது.

ஒன்றரை வயது முதல் இரண்டு வயது வரை குழந்தை தானே விரல் நீட்டும். ‘மணி எங்கே?’ என்று கேட்டால் காட்டும். பூஜை மணியையும் கொண்டுவந்து ஒரு முறை ஆட்டிக் காட்டினால், படத்துக்கும் பொருளுக்கும் உள்ள உறவு அதன் உள்ளத்தில் பதியும்.

இரண்டு முதல் மூன்று வயது வரை ஓசையின் காலம். குரலே அப்போது படத்தைவிடப் பெரியது. பிள்ளையார் நடந்தால் குரல் கனத்து மெதுவாகச் செல்ல வேண்டும். மூஞ்சூறு வந்தால் மெலிந்து விரைய வேண்டும். கண்ணன் வெண்ணெய் எடுக்கும் இடத்தில் காதோடு காதாகக் கிசுகிசுக்க வேண்டும். பானை உடையும் இடத்துக்கு முன்னால் சற்றே நிறுத்த வேண்டும். அந்த மௌனத்தில் குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். “டமால்!” என்பதை அதுவே சொல்லட்டும். மேடைப் பாடகரின் குரல்வளம் இதற்குத் தேவையில்லை. எழுபது வயதில் நடுங்கும் குரலும் போதும். பேரனுக்கு அதுதான் உலகத்திலேயே பழகிய குரல்.

பாட்டுப் புத்தகங்கள் இவ்வயதுக்கு மிகவும் ஏற்றவை. ‘குழந்தைக் கவிஞர்’ என்று போற்றப்பட்ட அழ. வள்ளியப்பா (1922–1989) இந்தியன் வங்கியில் பணியாற்றியவர். பகலெல்லாம் கணக்கேடுகளோடு இருந்தவர், பிள்ளைகளின் நாவில் எளிதில் புரளும் எளிய சொற்களால் ஏராளமான பாடல்களை எழுதிக் குவித்தார். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையும் சிறுவர்க்கென்றே பாடியவர். இன்று தாத்தா பாட்டியாக இருப்பவர்களில் பலர் தொடக்கப் பள்ளியில் இப்பாடல்களைக் கற்றவர்களே. நினைவிலிருந்து எடுத்துச் சொல்லப் புத்தகம்கூட வேண்டியதில்லை.

மூன்று வயதுக்கு மேல்தான் கதை கதையாகப் புரியத் தொடங்குகிறது. தொடக்கம், நடு, முடிவு என்ற கோவை உள்ள சிறு கதைகளை அப்போது வாசிக்கலாம். பெற்றோரைச் சுற்றி வந்து கனி பெற்ற பிள்ளையார், மண் தின்ற வாயில் அண்டமெல்லாம் காட்டிய கண்ணன், சேதுவுக்கு மணல் சுமந்த அணில் ஆகியவை பொருத்தமானவை. நாவல் மரத்தடியில் ஔவையை முருகன் மடக்கிய கதையிலுள்ள சொல்விளையாட்டு நான்கு, ஐந்து வயதில்தான் சுவைக்கும்.

ஒரு தலைமுறையையே வாசகராக்கியது 1947 ஜூலையில் தொடங்கிய ‘அம்புலிமாமா’ இதழ். 1967-இல் ஆனந்த் பை தொடங்கிய ‘அமர் சித்திரக் கதை’ வரிசையும் பல இல்லங்களில் இன்றும் இருக்கும். அவற்றை ஆசையோடு எடுத்து வைத்திருப்போர் சற்றே பொறுத்திருக்க வேண்டும். ஒரே பக்கத்தில் பல கட்டங்களும் வசனங்களும் நிறைந்த அமைப்பு மூன்று வயதுக் கண்ணுக்குச் சுமை. ஏழெட்டு வயதில் அவையே விருந்து.

கேள்வி குழந்தையுடையதாகட்டும்

வாசிப்பவர் பேசுகிறார், குழந்தை கேட்கிறது என்பதே பொதுவான எண்ணம். இதை மாற்றிப் பார்த்தார் குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்ற அமெரிக்க உளவியலாளர். ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளின் பெற்றோரை அவருடைய குழுவினர் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் வழக்கம்போல் வாசித்தனர். மற்றப் பிரிவினர்க்குச் சில எளிய வழிகள் கற்பிக்கப்பட்டன. ‘ஆம், இல்லை’ என்று முடிந்துவிடும் கேள்விகளைக் குறைத்து, ‘இங்கே என்ன நடக்கிறது?’ என்பது போன்றவற்றைக் கேட்க வேண்டும், குழந்தை சொன்னதைச் சற்று நீட்டித் திருப்பிச் சொல்ல வேண்டும், பாராட்ட வேண்டும். ஒரே மாதத்தில் இரண்டாம் பிரிவுக் குழந்தைகள் பேச்சில் முந்தியிருந்தனர். 1988-இல் வெளியான ஆய்வு இது.

இதை நம் வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவருதல் எளிது. பேத்தி “அம்மான்!” என்கிறாள். “தப்பு, அனுமான் என்று சொல்” எனத் திருத்தினால் வாய் மூடிக்கொள்ளும். “ஆமாம், அனுமான்! அனுமான் கையில் என்ன வைத்திருக்கிறார்?” என்றால் பேச்சு வளரும். “மலை” என்பாள். “பெரிய மலை. மலை மேல் பச்சைப் பசேல் என்று மூலிகை” என்று ஒரு சொல்லை இரண்டாக்கி, இரண்டை நான்காக்கித் திருப்பிக் கொடுக்கலாம். சிறு தொகையானாலும் நாள் தவறாமல் செலுத்துவோர்க்கே சேமிப்பு பெருகும், சொல்லும் அப்படித்தான்.

எழுத்தறியாத பாட்டியும் இதில் குறைந்தவர் அல்லர். படத்தைக் காட்டித் தாம் அறிந்த கதையைச் சொல்வதும் வாசிப்பே. கண்புரையால் எழுத்து மங்கித் தெரிவோர்க்கும் இதே வழி. முழங்கால் வலியால் தரையில் அமர இயலாதவர், நாற்காலியில் அமர்ந்து பிள்ளையை அருகில் இருத்திக்கொள்ளலாம். புத்தகத்தை இருவரும் ஒரே பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பதே முக்கியம்.

எவ்வளவு நேரம் என்பது பலரின் ஐயம். ஐந்து நிமிடம் போதும். குழந்தை சலிப்பதற்கு முன் நிறுத்திவிட வேண்டும். ஆனால் நாள்தோறும் அதே நேரமாக இருக்கட்டும். விளக்கேற்றிய பின், அல்லது உறங்கும் முன். கதை முடிந்ததும் ‘இதிலிருந்து என்ன தெரிகிறது?’ என்று நீதியைக் கேட்டுப் பெறும் வழக்கம் மட்டும் வேண்டா. மாம்பழத்தைத் தின்ற குழந்தையிடம் அதன் சத்தை யாரும் விசாரிப்பதில்லையே!

ஆயிரம் நாமம் சொல்லும் நாவு

இவ்வளவும் செய்த பிறகு தாத்தா பாட்டியர்க்கு வரும் பெருஞ்சோதனை ஒன்று உண்டு. “இன்னொரு தடவை!” நேற்று வாசித்த அதே புத்தகம். முந்தாநாளும் அதே. பதினைந்தாம் நாளும் அதே. அலமாரியில் இருபது புதிய புத்தகங்கள் இருக்க, கிழிந்து தையல் விட்ட அந்த ஒன்றுதான் வேண்டும் என்று நிற்கிறது பிள்ளை. இடையே ஒரு வரியை விட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பினால் உடனே கண்டுபிடித்துவிடுகிறது. பெரியவர்கள் சலித்துப்போவது இங்கேதான்.

அன்றாடம் கோயிலுக்குச் செல்வோர்க்கு இந்தப் பிள்ளையின் மனம் புரியாமல் போகலாமா? விஷ்ணு சஹஸ்ரநாமத்தை நாற்பது ஆண்டுகளாக நாள் தவறாமல் சொல்லும் பாட்டிகள் இருக்கிறார்கள். நேற்றுச் சொன்ன நாமங்கள்தாமே என்று அவர்கள் இன்று விட்டுவிடுவதில்லை. ஆண்டுதோறும் மார்கழி முப்பது நாளும் அதே திருப்பாவைதான், அதே திருவெம்பாவைதான். அடுத்த வரி என்ன என்று அறிந்திருப்பதே அங்கு இன்பம். அறிந்த ஒன்று அறிந்தபடியே மீண்டும் வரும்போது மனம் அதில் சாய்ந்துகொள்கிறது.

குழந்தைக்கும் அதுவே. அதன் உலகத்தில் ஒவ்வொரு நாளும் எல்லாம் புதியன; பல புரியாதன. அம்மா வேலைக்குப் போகிறாள், எப்போது வருவாள் என்று தெரியாது. ஆனால் இந்தப் புத்தகத்தில் மூன்றாம் பக்கத்தில் கண்ணன் ஒளிந்துகொள்வான், நான்காம் பக்கத்தில் அகப்படுவான். அது மாறாது. முதல் நாள் கேட்கும்போது ஓசை. ஐந்தாம் நாள் சொல். பத்தாம் நாள் பொருள். பதினைந்தாம் நாள் அதுவே கதை சொல்லத் தொடங்கும். ஆகவே, அந்தப் பதினைந்தாம் முறையை இன்னோர் ஆவர்த்தியாகக் கொண்டு வாசிக்க வேண்டும்.

கண்ணைக் குத்தும் சாமி வேண்டா

இனிச் சொல்ல வேண்டியது சற்றுக் கசப்பானது. நம் வீடுகளில் இறைவனைக் குழந்தைக்கு முதன்முதல் அறிமுகம் செய்வது பெரும்பாலும் தாத்தா பாட்டியரே. அந்த அறிமுகம் எப்படி நிகழ்கிறது? “சாப்பிடாவிட்டால் சாமி கண்ணைக் குத்தும்.” எத்தனையோ தலைமுறைகளாக இந்த ஒரு வாக்கியம் வீடுதோறும் ஒலித்துவந்திருக்கிறது. சொல்பவர்க்கு அது விளையாட்டு. இரண்டு வயதுப் பிள்ளைக்கு விளையாட்டும் மெய்யும் ஒன்று. கருவறை இருளில் ஒளிரும் திருமேனியை ஏறிட்டுப் பார்க்கவே அஞ்சி, தந்தையின் தோளில் முகம் புதைத்து அழும் குழந்தைகளைக் கோயிலில் பார்த்திருப்போம். இருட்டும் கூட்டமும் காரணமாகலாம். நாம் சொன்னதும் காரணமாகலாம்.

புராணங்களில் வதங்கள் பல உண்டு. தூணைப் பிளந்து வந்த நரசிம்மம், பூதனையின் முடிவு, தாரகனின் போர் ஆகியவற்றை மறைக்க வேண்டியதில்லை. காலம் தாழ்த்தினால் போதும். மூன்று வயதில் பிரகலாதன் கதையைத் ‘தூணிலும் இருக்கிறார், துரும்பிலும் இருக்கிறார்’ என்ற இடத்தோடு நிறுத்திக்கொண்டு, வீட்டுத் தூணையும் தோட்டத்துத் துரும்பையும் தொட்டுப் பார்க்கச் செய்யலாம். மிச்சத்தை ஏழு வயதில் அவனே கேட்பான். குழந்தை முகம் சுளித்தாலோ, மடிக்குள் ஒடுங்கினாலோ, அந்தப் பக்கத்தைக் கடந்துவிட வேண்டும். அச்சத்தால் அறிந்த தெய்வத்தைப் பின்னாளில் அன்பால் அறிவது கடினம்.

கல்லில் விரியும் படப் புத்தகம்

புத்தகக் கடை அருகில் இல்லாதோர்க்கும் ஒரு பெரிய படப் புத்தகம் திறந்தே இருக்கிறது. அது கோயில். தரிசனம் முடிந்ததும் விரைந்து வெளியேறாமல், பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தூண்களைச் சுற்றி வரலாம். கும்பகோணத்தை அடுத்த தாராசுரத்தில், இரண்டாம் இராசராசன் 12-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயிலில் காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொண்டு நிற்கும் சிற்பம் இருக்கிறது. ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்தால் யானை. மறுபக்கத்தை மறைத்தால் காளை. நான்கு வயதுக் குழந்தைக்கு இதைவிட வேடிக்கை ஏது? அக்கோயிலிலேயே பெரியபுராணக் காட்சிகள் சிறு சிறு சிற்பங்களாக வரிசையாக அமைந்துள்ளன.

மாமல்லபுரத்தின் பெரும்பாறையில் தவம் செய்யும் பூனையும், அதைச் சுற்றியுள்ள எலிகளும், குட்டிகளுடன் நிற்கும் யானைகளும் பல்லவச் சிற்பி குழந்தைகளுக்கென்றே செதுக்கியவை போலத் தோன்றும். அங்குள்ள கோவர்த்தனச் சிற்பத்தில் ஆயன் பால் கறக்க, பசு தன் கன்றை நக்குகிறது. சுசீந்திரத்தில் ஓங்கி நிற்கும் அனுமனை அண்ணாந்து பார்த்த பிள்ளை, வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத்தான் தேடும். புகழ்பெற்ற தலங்கள்தாம் வேண்டுமென்பதும் இல்லை. தெருமுனைக் கோயில் விமானத்தின் சுதைச் சிற்பத்திலும் மயிலும் மூஞ்சூறும் இருக்கும்.

திரையும் தொலைவும்

கைபேசியைப் பற்றிப் பேசாமல் இன்று குழந்தையைப் பற்றிப் பேச முடியாது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டா என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும், அமர்ந்திருக்கும் நேரத்தில் வாசிப்பும் கதை சொல்லலும் நல்லவை என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வழிகாட்டியது. இதை மருமகளிடம் படித்துக் காட்டுவதால் பயனில்லை. அலுவலகமும் அடுப்படியுமாக அலையும் அவள், பத்து நிமிட ஓய்வுக்காகவே கைபேசியைக் கொடுக்கிறாள். “சாதம் ஊட்டும்போது நான் கதை சொல்கிறேன், அம்மா” என்று பாட்டி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தால், அறிவுரை இல்லாமலே கைபேசி மேசைக்குப் போய்விடும்.

பேரப்பிள்ளைகள் கடல் கடந்து இருப்பின், காணொளி அழைப்பில் வாசிக்கலாம். இத்தகைய உரையாடலைக் குழந்தை மருத்துவர்கள் திரைக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கியே வைக்கின்றனர். ஒரே புத்தகத்தில் இரு படிகள் வாங்கி, ஒன்றை அங்கும் ஒன்றை இங்கும் வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே பாட்டி பக்கம் திருப்ப, அங்கே பேத்தி பக்கம் திருப்புவாள். ஆங்கிலம் மட்டுமே பேசும் பிள்ளைக்கும் தமிழில் வாசிக்கலாம். புரியாத சொல்லுக்குப் படம் துணை நிற்கும். பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொன்னால் அதையும் ஏற்றுக்கொண்டு தமிழில் தொடர வேண்டும். பாட்டியின் குரலும் முகமும் இருக்கும் மொழியைக் குழந்தை எளிதில் கைவிடாது.

மடியில் வந்து அமர்ந்தவள்

மதுரை மீனாட்சியம்மை சந்நிதியில் குமரகுருபரர் தம் பிள்ளைத்தமிழை அரங்கேற்றினார். திருமலை நாயக்க மன்னர் அவையில் வீற்றிருந்து கேட்டார். அப்போது அர்ச்சகரின் மகளைப் போன்ற வடிவில் ஒரு சிறுமி ஓடி வந்து மன்னரின் மடியில் அமர்ந்தாள். கேட்டுக்கொண்டே இருந்தவள், முத்து மாலையைக் கழற்றிப் புலவரின் கழுத்தில் அணிவித்துவிட்டு மறைந்தாள். வந்தவள் அன்னையே என்பது வழிவழி வந்த வரலாறு. அவையில் அமர்ந்து கேட்க வேண்டும் என்ற நியமத்தை அவள் பார்க்கவில்லை. நடுவில் வந்தாள், விரும்பிய மடியில் ஏறினாள், விரும்பியபோது இறங்கினாள். அவளை யாரும், “சும்மா இரு” என்று அதட்டவுமில்லை.

முதலில் கண்ட கூடத்துக்கு மீண்டும் வருவோம். மறுநாள் மாலை தாத்தா அதே புத்தகத்துடன் அமர்கிறார். இம்முறை அயோத்தியைத் தேடவில்லை. “குரங்கு எங்கே?” என்று கேட்டுவிட்டுப் பேரன் கையில் புத்தகத்தைக் கொடுத்துவிடுகிறார். அவனே புரட்டிக் கண்டுபிடிக்கிறான். “அனுமார் தாவினார்... ஒரே தாவு!” என்று தாத்தா கையை வீச, பேரன் திண்டிலிருந்து குதிக்கிறான். “இன்னொரு தடவை, தாத்தா!” அன்று அந்த ஒரு பக்கம்தான். அடுத்த நாளும் அதுதான். பத்து நாளும் அதுதான். தசரதரும் கைகேயியும் காத்திருக்கிறார்கள். தாத்தாவும் பொறுத்திருக்கிறார்.

பின் ஒரு நாள், குதித்து முடித்து மடியில் வந்து விழுந்த பேரன் கேட்கிறான்: “அனுமார் ஏன் தாவினார்?”

“சீதையைத் தேடி.”

“சீதை எங்கே போனாள்?”

“ராமரோடு காட்டில் இருந்தாள்.”

“ராமர் ஏன் காட்டுக்குப் போனார்? அவருக்கு வீடு இல்லையா?”

தாத்தா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முதல் பக்கத்துக்குத் திரும்புகிறார். “வீடு இருந்தது கண்ணா. அயோத்தி என்று ஒரு நகரம்...”